காந்தர்வமும் ஜாதியும்



ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவது பசி, தாகம் போல் இயற்கையாய் உண்டாவதாகும். இது நாம் புதிதாய்ச் சொல்லுவதல்ல; இந்து சாஸ்திரங்களே ஒப்புக்கொண்டதுதான். மனுதர்மம் 3-வது அத்தியாயம் கலியாணத்தை 8 வகையாக்கி, பெண்ணும் ஆணும் தாங்களே விரும்பிக் கூடுவதற்குக் காந்தர்வம் என்று பெயர் வைத்திருக்கிறது.

சரி, ஒப்புக்கொண்டவர்கள் அதை மதித்தார்களா? முதல் 4 வகையில் நல்ல பிள்ளைகள் பிறப்பார்களாம்; மற்ற 4 வகையில் கொடியவர்களும் பொய்யர்களும் பிறப்பார்களாம். அந்த மற்ற நான்கு எவை? பொருள் கொடுத்துப் பெண்ணைக் கொள்ளுவது, அடித்துத் தூக்கிப் போவது, தூங்குகிறவளைக் கெடுப்பது, இவைகளோடு காதல்! 10-வது அத்தியாயமோ, பிராமணப் பெண் சூத்திரனுக்குப் பெற்ற பிள்ளை சண்டாளன், மனிதரில் கடையன் என்கிறது.

ஏன் இந்தப் பயம்? ஆட்டுக்கும் மாட்டுக்கும் காதல் கூடாதென்று யாராவது சட்டம் எழுதினார்களா? இயற்கையில் நடவாததற்குத் தடை எதற்கு? ஜாதி இயற்கையல்ல, ஜாதி கடந்த அன்பே இயற்கை என்பதற்கு அந்தத் தடையே சாட்சியல்லவா?

மகாபாரதத் துஷ்யந்தன் காட்டில் சகுந்தலையைக் காந்தர்வமாய் மணந்தான். அவள் பிள்ளையோடு சபைக்கு வந்தபோது, தெரியாது என்று சொல்லிவிட்டான். அசரீரி சொன்ன பிறகே, "தெரிந்துதான் மறுத்தேன், உலகம் சந்தேகிக்குமே" என்ற கருத்தில் ஒப்புக்கொண்டான். பின்னால் நாடகம் எழுதிய காளிதாசர் ஒரு முனிவர் சாபத்தைப் புகுத்தி ராஜாவின் பழியைத் துடைத்தார். சாபம் எதற்குத் தோழர்களே? ஊருக்குப் பயந்ததே சாபந்தான்!

இன்றும் அந்தப் பயமல்லவா பெற்ற மகளையே கொல்லச் செய்கிறது? வயது வந்த இருவர் மணக்க அவர்கள் சம்மதமே போதும், குடும்பமோ ஜாதியோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு கோர்ட்டில் இருந்தால் போதுமா? வீட்டுக்குள் வர வேண்டாமா?

ஆகையால், உங்கள் மகள் ஒருவனை விரும்புவதாய் வந்து நின்றால் "என்ன ஜாதி" என்று கேளாதீர்கள். யோக்கியனா, உழைப்பவனா, உன்னைச் சமமாய் நடத்துவானா என்று கேளுங்கள். ஆம் என்றால், நாலு பேர் அறியப் பதிவு செய்து வையுங்கள். சகுந்தலைக்கு இல்லாத சாட்சி உங்கள் மகளுக்காவது இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.