வட்டுக்கோட்டையின் பழஞ்சுவர்கள்

யாழ்ப்பாணத்துப் பழங்கட்டடங்கள் என்றதும் கோட்டையையும் மந்திரிமனையையும் சொல்வோம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வயலும் பனங்கூடலும் சூழ்ந்த வட்டுக்கோட்டையை.

அங்குள்ள தேவாலயம் போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றியது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தமதாக்கினர். ஒல்லாந்தக் குருவானவர் பால்தேயஸ் 1672 இல் வெளியிட்ட நூலில் அதன் படம் உண்டு. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது கூரை போய்ச் சுவர்களே எஞ்சி நின்றன. அவர்கள் அதைச் செப்பனிட்டனர். 1823 இல் அங்கே செமினரி தொடங்கிற்று. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். 1855 இல் அது மூடப்பட, 1872 இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

“அந்நியர் விட்டுப்போனதை நாம் ஏன் பேணவேண்டும்?” என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். செமினரியின் நோக்கங்களில் மதமாற்றமும் ஒன்று என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் கதை கட்டுவித்தவரோடு முடிவதில்லை. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளையோ செல்லரித்த ஏடுகளைத் தேடி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். கட்டுவித்தவர் எண்ணியது ஒன்று. கற்றவர் செய்தது மற்றொன்று. அந்த இரண்டாவது கதை நம்முடையது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடும் தாளும் எவ்வளவு எளிதில் அழியும் என்று கண்டோம். அதன் பின்னர், எஞ்சிய பழஞ்சுவர் ஒவ்வொன்றையும் ஓர் ஆவணமாகவே நான் பார்க்கிறேன்.

ஆவணத்தைத் திருத்துவதற்கும் முறை உண்டு. நம் பழஞ்சுவர்கள் பல முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிக் கல்லை அரிக்கும். பளபளப்பாகப் புதுப்பித்துவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கும்போதே சுவர் உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே நேயர்களே, உங்கள் ஊர்க் கோயிலிலோ தேவாலயத்திலோ மடத்திலோ திருப்பணி தொடங்குமுன், பழைய சுவரைப் படமெடுத்து, அளந்து, எழுதி வையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன்மார் இருந்தால், இளைஞர்களை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.