எழுதிக் கொடுங்க, ரசீது வாங்குங்க

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. "சட்டமும் பெண்களும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. எங்க குழுவில் நடந்ததை வைத்தே அதைச் சொல்றேன்.

எங்க குழுவில் ஒரு தங்கச்சி. பேர் வேண்டாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுறேன். இரண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தா அடிதான். சேமிப்பு கட்ட வரும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு வருவா. என்னம்மா காயம்னு கேட்டா, "மாடு முட்டிடுச்சு அக்கா" என்பாள். அவ வீட்டுல மாடே கிடையாது. அது எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும், பணத்தை எண்ணி நோட்டுல எழுதிட்டு எழுந்து போயிடுவோம்.

மூணு தடவை ஊர்ப் பெரியவங்க முன்னாடி பஞ்சாயத்து நடந்தது. இரண்டாவது பஞ்சாயத்துல நானும் இருந்தேன். "பிள்ளைங்களுக்காகக் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா"ன்னு சொன்னதே நான்தான். அவ நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தா. ஒண்ணும் பேசல. அடுத்த மாசம் அவ கை உடைஞ்சது. அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

மூணாவது பஞ்சாயத்துல என்ன தீர்ப்பு தெரியுமா? ஆஸ்பத்திரி செலவை அவரே பார்த்துக்கணும். அவ்வளவுதான். எங்க ஊர்ல கோழி திருடினவனுக்கு அபராதம் போட்டிருக்காங்க. பெண்டாட்டி கையை உடைச்சவருக்குப் புத்திமதி மட்டும். தெருவில் நடந்தா குற்றம், வீட்டுக்குள்ள நடந்தா குடும்ப விஷயமா?

அந்த வாரக் கூட்டத்தில் எங்க குழுவிலேயே மூத்த ஒரு அம்மா கேட்டாங்க: "ஐநூறு ரூபாய் உள்கடனுக்கே தீர்மான நோட்டுல எழுதி கையெழுத்து வாங்குறோமே. இவ உயிருக்கு மட்டும் வாய் வார்த்தை போதுமா?" யாரும் பதில் சொல்லல.

மறுநாள் நாலு பேர் அவளைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷன் போனோம். "குடும்ப விஷயம், பேசிப் பாருங்கம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. வெறுங்கையோட வந்தோம். பிறகு கோர்ட் வளாகத்தில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். அங்கிருந்த வக்கீலம்மா, "வாயால சொல்லாதீங்க, எழுதிக் கொடுங்க, ரசீது வாங்குங்க" என்றார். புகாரை இரண்டு பிரதி எழுதிக்கிட்டு மறுபடி போனோம். ரசீது கேட்டோம். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தாங்க. அந்தச் சின்னக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் அவ வீட்டுக்காரரை விசாரணைக்கே கூப்பிட்டாங்க.

அவளுக்கு ஒரே பயம். "அவரை ஜெயில்ல போட்டா பிள்ளைங்களுக்கு யார் அக்கா சோறு போடுவாங்க?" நம்மில் நிறையப் பேர் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதே இந்தப் பயத்தாலதான். ஆனால் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கு. இதில் ஜெயில்தான் முதல் படி என்று இல்லை. அடிக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்கலாம். வீடு அவர் பேரில் இருந்தாலும், வாழ்ந்த வீட்டில் இருக்க நமக்கு உரிமை உண்டு. செலவுக்குப் பணம் கேட்கலாம், பிள்ளைகளை நம்மிடம் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். மனு எழுத, மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உதவி செய்வார். கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஒரு வருஷம் வரை சிறை, இல்லை 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே.

உள்ளதையும் சொல்லிடறேன். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்கணும் என்று சட்டம் சொல்லுது. எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. வாய்தாவுக்குப் போற நாளெல்லாம் அவளுக்குக் கூலி போச்சு. குழுவில் உள்கடன் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் "கீழே விழுந்துட்டேன்"ன்னு அவ சொன்னதை அப்படியே எழுதி வச்சிருந்தாங்க. அதை வச்சே எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். ஊர்ல, "குழுவுக்குப் போற பொம்பளைங்க குடும்பத்தைப் பிரிக்கிறாங்க"ன்னு பேசினாங்க. எங்க மாமியாரே கேட்டாங்க. "குடும்பத்தைப் பிரிச்சது அடிதான் அத்தை, நாங்க இல்லை"ன்னு சொன்னேன்.

இப்போ அவ அதே வீட்டுல இருக்கா. அவர் அடுத்த தெருவில் அவங்க அம்மா வீட்டுல இருக்கார். மாசப் பணம் சில மாசம் தாமதமாத்தான் வருது. ஆனால் முந்தானையைப் போர்த்தாம குழுவுக்கு வர்றா. எனக்கு அது போதும்.

அதனால் நான் கேட்டுக்கிறது இதுதான்:

புகாரை எழுதிக் கொடுங்க. ஒரு பிரதி கையில வச்சுக்கோங்க. ரசீது இல்லாம வராதீங்க.

எஃப்.ஐ.ஆர். போட்டா, அதன் நகலைக் காசில்லாம கொடுக்கணும். கேட்டு வாங்குங்க.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தா, மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்க.

ஆஸ்பத்திரியில் மாடு முட்டுச்சுன்னு சொல்லாதீங்க. யார் அடிச்சாங்கன்னு சொல்லுங்க.

அவசரத்துக்கு 181. இலவச சட்ட உதவிக்கு 15100. இரண்டையும் போன்ல பதிஞ்சு வையுங்க.

கடைசியா ஒண்ணு. நம்ம குழுவில் ஒருத்தி காயத்தோட வந்தா, சேமிப்பை எண்றதுக்கு முன்னாடி அவளைக் கேளுங்க. "அனுசரிச்சுப் போ"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் ஒருத்தி சொன்னது போதும்.