நல்லவாட்டு ஒலிபெருக்கி

 

சுனாமி என்றாலே நாகப்பட்டினம் கண்முன் வந்து நிற்கிறது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். அந்தத் துயரம் ஆறாது. ஆனால் இன்று பிழைத்த ஓர் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் நல்லவாடு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பூகம்பம். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரம் இருந்தும் நமக்குச் சொல்ல ஆளில்லை! இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று ஒரு சுனாமி எச்சரிக்கை மையம்கூடக் கிடையாது. ஐதராபாத்தில் அது வந்தது 2007-இல்.

நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். கடல்தண்ணீர் ஊருக்குள் வருவதாக வீட்டில் சொன்னார்கள். உடனே வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் கதவை ஊர்க்காரர்கள் உடைத்து உள்ளே போய் மைக்கைப் பிடித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மைக்கில் சொன்னதும் ஊரே ஏன் ஓடியது? கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போய் எத்தனையோ பேர் மாண்ட நாள் அது. நல்லவாட்டில் அந்த மையத்தின் ஒலிபெருக்கி கடல்நிலையை, அலையின் உயரத்தை வழக்கமாகச் சொல்லிவந்தது. அதைக் கேட்டுத்தான் படகைத் தள்ளினார்கள். பழகிய குரல் ஓடு என்றது, ஓடினார்கள். என்றோ ஒருநாள் மட்டும் அலறும் சங்கை யார் நம்புவார்கள்?

நம் கடலோரத்திலும் பேரிடர் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். வரவேற்கிறேன். அவை பூட்டியே கிடக்கக் கூடாது. மாலையில் பிள்ளைகள் படிக்கட்டும், மகளிர் குழு கூடட்டும், நாள்தோறும் அங்கிருந்து கடல் அறிவிப்பு வரட்டும். அப்போதுதான் புயல் இரவில் கைக்குழந்தையோடு ஒரு தாய் தயங்காமல் அங்கே நுழைவாள்.

ஐப்பசி மழை நெருங்குகிறது. மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள். மைக்கைப் போட்டுப் பாருங்கள். பேசவில்லையென்றால் அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து தீர்மானம் கொண்டு வாருங்கள்.