பொம்மைப் படமும் வழிநூலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கப் பாடலும் கம்பன் கவியும் ஒலித்த இம்மேடையில், தொலைக்காட்சிப் பொம்மைப் படங்களையும் அவற்றின் மறுஆக்கங்களையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது இலக்கியக் கூட்டத்துக்குரிய பொருள்தானா என்று சிலர் எண்ணலாம். பாட்டியின் வாய்மொழியாகக் கதை கேட்கும் வழக்கம் அருகி வருகிறது. இன்று பல குழந்தைகளுக்கு முதற்கதையைச் சொல்வது திரைதான். கதை எங்கே பிறக்கிறதோ, அங்கே இலக்கிய வட்டத்துக்கும் வேலை உண்டு என்பது என் எண்ணம்.

ஒரு தலைமுறை கண்டு களித்த தொடரை, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புதிதாக வரைந்து, புதுக்குரல் கொடுத்து வெளியிடுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அப்படியொன்று வந்தவுடன், பழையதன் அழகு இதில் இல்லை என்று பெரியவர்கள் குறை கூறுகிறார்கள். 1985-இல் அமெரிக்காவில் வந்த 'தண்டர்கேட்ஸ்' தொடருக்கு ஒரு புதிய வடிவம் வரப்போகிறது என்று 2018-இல் அறிவித்தார்கள். அது வெளிவந்தது 2020-இல்தான். ஆனால் ஒரு பகுதியேனும் ஒளிபரப்பாகும் முன்பே, படம் வரைந்த பாணியைக் கண்டு எதிர்ப்புக் கிளம்பிவிட்டது. காணாமலே தீர்ப்புச் சொல்வது முறையன்று. புதியது என்பதற்காகவே போற்றுவதும் முறையன்று. அப்படியானால் எந்த அளவுகோல் கொண்டு அளப்பது?

அதை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூலை வகைப்படுத்தியவர்கள் நம் முன்னோர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலுக்கு நான்கு நெறிகளைத் தொல்காப்பியம் காட்டுகிறது. வழிநூலின் இயல்பைச் சொல்லும் நன்னூலார் மூன்று கருத்துகளை வைக்கிறார். முன்னோர் நூலின் முடிவோடு அது ஒத்திருக்க வேண்டும். பின்வந்தவன் தான் விரும்பும் வேறுபாடுகளைச் சேர்க்கலாம். மரபு அழியாதிருக்க வேண்டும். மாற்றத்துக்கு இங்கே தடையில்லை என்பதைக் கவனியுங்கள். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தன் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனிலோ பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்கிறான். திருப்புல்லாணியும் சேதுக்கரையும் அருகிருக்க வாழும் நாம், இந்த மாற்றத்துக்காகக் கம்பனைக் குறை சொன்னதில்லை. தலைமேல் வைத்துக் கொண்டாடினோம். அந்த மனத்தோடுதான் பொம்மைப் படங்களையும் அணுக விரும்புகிறேன்.

நம் கரைக்கு இவ்வகைப் படங்கள் வந்த வழியில் ஒரு புதுமை உண்டு. இலங்கையின் ரூபவாகினி 1982-இல் தொடங்கியது. தென்கடலோரத்தில் உயரமான ஆன்டெனா நட்டவர்களுக்கு அந்த ஒளிபரப்புக் கடல் கடந்து கிடைத்தது. அந்நிலையத்தில் மொழிமாற்றுப் பணியை வளர்த்தவர் டைட்டஸ் தொட்டவத்த. டாக்டர் டூலிட்டில் கதையைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தபோது, 'தொஸ்தர ஹொந்த ஹித' என்று அதற்குப் பெயரிட்டார்கள். நல்ல மனம் படைத்த மருத்துவர் என்பது அதன் பொருள். வேற்றுமொழிப் பாத்திரம் அந்தப் பெயராலேயே உள்ளூர்க்காரராகிவிட்டார். மொழிபெயர்த்தல் என்னும் நெறிக்கு இது நல்ல சான்று.

அடுத்து, 1993-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'ஜங்கிள் புக்'. கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட நூலை ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-இல் 52 பகுதிகள் கொண்ட தொடராக்கியது. இந்தியில் குல்சார் பாடல் எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். இந்தி தெரியாத பிள்ளைகள்கூட அந்த மெட்டை முணுமுணுத்தார்கள். 2016-இல் அதே கதை டிஸ்னி திரைப்படமாக வந்தபோது, இந்திய விளம்பரத்துக்கு அந்தப் பழைய பாட்டையே மீண்டும் நாடினார்கள். அத்தொடரில் மௌக்லி பகுதிக்குப் பகுதி வளர்கிறான். இறுதியில் காட்டை விட்டு மனிதரிடம் செல்கிறான். வளர்தலும் பிரிதலுமே அக்கதையின் உயிர். 2010 அளவில் ஐதராபாத்தின் டி.கியூ. நிறுவனம் பங்கேற்று, கணினி வழியாக முப்பரிமாணத்தில் ஒரு புதிய தொடர் வந்தது. நம் நாட்டுக் கலைஞர்களின் உழைப்பு அதில் உண்டு, அதற்காக மகிழ்கிறேன். ஆனால் தனித்தனிக் குறுங்கதைகளாக அமைந்த அதில் சிறுவன் சிறுவனாகவே நின்றுவிடுகிறான். வேறுபாடு உண்டு, முடிவை நோக்கிய பயணம் இல்லை. எனவே வழிநூல் என்ற தகுதியை அதற்குத் தர என் மனம் இசையவில்லை.

மறுஆக்கம் மூலத்தை விஞ்சியதற்கும் சான்று உண்டு. 'டக்டேல்ஸ்' என்னும் வாத்துக் குடும்பக் கதை 1987-இல் வந்தது. நம் தூர்தர்ஷனும் இந்தியில் காட்டியது. கார்ல் பார்க்ஸ் 1947-இல் படைத்த கஞ்சச் செல்வர் ஸ்க்ரூஜும் மூன்று பேரப்பிள்ளைகளும் அதில் வருவார்கள். மூவர்க்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே. குணத்திலும் பெரிய வேறுபாடு இராது. பிள்ளைகளின் தாய் எங்கே என்ற கேள்விக்கு அதில் விடையும் இல்லை. 2017 முதல் 2021 வரை வந்த புதிய தொடர் மூவர்க்கும் மூன்று குரல், மூன்று குணம் தந்தது. காணாமற்போன தாய் டெல்லாவைத் தேடி, கதைக்குள் கொண்டுவந்து சேர்த்தது. மூலம் சொல்லாமல் விட்ட இடத்தில் விரித்தல் நிகழ்ந்தது, மரபும் கெடவில்லை.

இனி, நம் வீடுகளில் தமிழ் பேசிய டோராவுக்கு வருகிறேன். இத்தொடர் அமெரிக்காவில் 2000-இல் தொடங்கியது. 2007-இல் தொடங்கப்பட்ட சுட்டி டிவி வழியாகத் தமிழ்க் குழந்தைகளை வந்தடைந்தது. 'பூட்ஸ்' என்ற குரங்கு 'புஜ்ஜி' ஆனது; அந்தப் பெயர்மாற்றத்தை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மூலத்தில் டோரா ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பெண். ஆங்கிலம் ஆளும் நாட்டில் தன் வீட்டு மொழியைப் பிற குழந்தைகளுக்கு அவள் பெருமையோடு கற்பிக்கிறாள். அதுவே அப்படைப்பின் மரபு. தமிழ் வடிவத்திலோ அவள் கற்றுக்கொடுப்பது ஆங்கிலச் சொற்களை. வீட்டு மொழியை உயர்த்த வந்தவள், இங்கே அதை ஏணியாக்கி வேற்றுமொழியைக் கற்பிக்கும் ஆசிரியை ஆகிவிட்டாள். கதை மாறவில்லை, மரபு தலைகீழாயிற்று. ஆங்கிலம் கற்பது தவறென்று நான் சொல்லவில்லை. இம்மாற்றம் நம் கண்ணில் படாமலே நடந்தேறியதே என்பதுதான் என் கவலை.

2024-இல் டோராவின் புதிய தொடர் வந்தது. பழைய தொடரில் டோராவுக்குக் குரல் தந்த கேத்லீன் ஹெர்லஸ், இதில் டோராவின் தாய்க்குக் குரல் தருகிறார். நேற்றைய மகள் இன்று தாயாகி, புதிய மகளுக்கு இடம் தருகிறாள். முதல்நூலுக்கும் வழிநூலுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வழிநூல்களை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறோம். தமிழ்க் குழந்தைக்கான முதல்நூல்கள் எத்தனை? தெனாலிராமன் கதைகளை 2003-இல் தொலைக்காட்சித் தொடராக்கியது திருவனந்தபுரத்து டூன்ஸ் நிறுவனம். அண்டை மாநிலத்தார் எடுத்த முயற்சியை நாமும் எடுத்திருக்கலாம். பிற நாட்டுக் கரடியும் வாத்தும் நம் வீட்டில் தமிழ் பேசுகின்றன. மன்னார் வளைகுடாவில் வாழும் ஆவுளியா பேசுகிற படம் எதையும் நான் கண்டதில்லை. பனையேறியின் மகனும் மீனவரின் மகளும் நாயகராகும் தொடரும் என் கண்ணில் பட்டதில்லை.

படம் எடுக்கப் பெரும் பொருள் வேண்டும். அது நம்மிடம் இல்லை. ஆனால் எந்தப் படத்துக்கும் முன்னே எழுத்து வேண்டும். அது நம்மால் ஆகும். சாயல்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மூத்தோர் சொல்லும் கதைகளை, அவர்கள் சொல்லும் நடையிலேயே எழுதித் தொகுக்கும் பணியை, பதினோராம் ஆண்டின் முதல் வேலையாக இவ்வட்டம் மேற்கொள்ள வேண்டும். மாணவர்கள் கேட்டு எழுதட்டும்; மூத்தவர்கள் திருத்தித் தரட்டும். என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் அவற்றைப் படமாக வரைவார். அதன்பின் இன்னொருவர் மறுஆக்கமும் செய்வார். அப்போது மூலத்தின் அழகு இதில் இல்லையென்று குறை சொல்வதற்காவது, நமக்கென்று ஒரு மூலம் இருக்கட்டும்.