டிசம்பரில் வாசலில் நிற்கும் என்றார்கள்

(புதிய கார் வாங்குவோர் சந்திக்கும் சிக்கல்கள் குறித்து, செராஸில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் மைக்கை நீட்டுவதும் நான்தான், நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடிப்பதும் நான்தான். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். காரணம், நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன். "இதையே பேசுங்கள்" என்றார். சொந்தக் கதையை மேடையில் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் வீட்டில் இதே கதை வேறு நிறத்தில் நடந்திருக்கும் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

2020ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் அரசாங்கம் புதிய கார்களுக்கு விற்பனை வரி விலக்கு கொடுத்தது நினைவிருக்கிறதா? கோவிட் காலத்தில் படுத்துப்போன வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தக் கொடுத்த சலுகை அது. உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கு 10 விழுக்காட்டு வரி முழுவதும் தள்ளுபடி. முழுதாக இறக்குமதியாகும் கார்களுக்குப் பாதி. முதலில் அந்த ஆண்டு டிசம்பர் வரை என்றார்கள். பிறகு மூன்று முறை நீட்டித்தார்கள். கடைசியில் 2022 ஜூன் மாதம், "இனி நீட்டிப்பு இல்லை. ஜூன் 30க்குள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் வரிவிலக்கு. அந்தக் கார் 2023 மார்ச் 31க்குள் பதிவாகி இருக்க வேண்டும்" என்று அறிவித்தார்கள்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டுக் கதை மாட்டிக்கொண்டது.

அப்பா தபால் இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தாமான் கோனாட்டில் புதன்கிழமை பாசார் மாலாம் நடக்கும் தெருவுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் எங்கள் வீடு. பதினேழு வருடமாக ஒரே கார். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நடு வழியில் வண்டி நின்றுவிடக்கூடாதே என்பதற்காகத்தான் புதுக்கார் யோசனையே வந்தது. ஜூன் கடைசி வாரம் ஷோரூமுக்குப் போனோம். அம்மம்மா, அன்று அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தீபாவளிக்கு முதல் நாள் துணிக்கடை தோற்றது.

எங்களைக் கவனித்தவர் நம் தமிழ்ப் பையன். இருபத்தைந்து வயது இருக்கும். அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அங்கிள், இன்னைக்கு 500 வெள்ளி கட்டி புக்கிங் போட்டுடுங்க. வரி கிடையாது. டிசம்பர்ல காடி உங்க வாசல்ல நிக்கும். எங்கப்பா மாதிரி இருக்கீங்க, உங்களுக்குப் பொய் சொல்வேனா?" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள், வாரா வாரம் நிபுணர்களைக் கேள்வி கேட்பவள். அந்தப் படிவத்தில் "டிசம்பர்" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? அதைத்தான் நான் இன்றுவரை யோசிக்கிறேன். அந்த இடத்தில் வேறு இனத்து விற்பனையாளர் இருந்திருந்தால் கட்டாயம் கேட்டிருப்பேன். நம்ம பையன், நம்மை அங்கிள் என்று கூப்பிடுகிறான், அவனிடம் போய் "எழுதிக் கொடு" என்றால் அவமதிப்பதுபோல் ஆகிவிடுமே என்ற எண்ணம். கூட்டு (சீட்டு) கட்டுவதிலிருந்து கல்யாண மண்டபம் பேசுவது வரை நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. அந்தப் பையனும் பொய் சொல்ல நினைத்தார் என்று நான் நம்பவில்லை. அவருக்கே கார் எப்போது வரும் என்று தெரியாது. அதுதான் விஷயம்.

தொழிலின் உள்விவகாரத்தைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஷோரூமில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கார் நமக்கு வரப்போகிற கார் இல்லை. தொழிற்சாலையோ விநியோக நிறுவனமோ மாதா மாதம் இத்தனை கார் என்று ஒவ்வொரு முகவர் கடைக்கும் ஒதுக்கும். எந்த ரகம், எந்த நிறம் என்பது அங்கேதான் முடிவாகும். 2021இல் முழு முடக்கத்தின்போது தொழிற்சாலைகள் ஏறக்குறைய இரண்டரை மாதம் மூடிக்கிடந்தன. உலகம் முழுவதும் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாடு வேறு. நாடு முழுக்க முன்பதிவு குவிந்துகிடந்த நேரத்தில், மேசைக்கு முன்னால் இருக்கும் விற்பனையாளர் தேதி சொல்வது ஜோசியம்தான். ஆனால் தேதி சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கார் பதிவானால்தான் அவருக்குக் கமிஷன். சொல்லிவிடுகிறார்கள்.

டிசம்பர் முதல் வாரம் போன் வந்தது. "அங்கிள், அடுத்த வாரம் காடி வந்துடும், பழைய காடிய வித்துடுங்க." அப்பா விற்றுவிட்டார்! அடுத்த வாரம் கார் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பொங்கலுக்கு வரும், தைப்பூசத்துக்கு வரும் என்றார்கள். திருவிழாக்கள்தான் வந்து போயின. வாரத்துக்கு மூன்று நாள் அம்மாவை வாடகைக் காரில் அழைத்துப்போய் அழைத்துவந்தார் அப்பா. டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றலோடு ஐந்தடி வாசலில் அம்மா நாற்காலி போட்டுக் காத்திருப்பார். மழை பெய்தால் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் இரட்டிப்பு. இதற்கிடையில் வங்கி ஒப்புதலின் காலக்கெடுவும் முடிந்துபோனது. 2022 மே மாதத்திலிருந்து நவம்பருக்குள் பேங்க் நெகாரா நான்கு முறை வட்டியை ஏற்றி, 1.75 விழுக்காட்டிலிருந்து 2.75க்குக் கொண்டுபோயிருந்தது. மறுபடி விண்ணப்பித்தபோது கார் கடனுக்கும் வட்டி கூடியிருந்தது.

மார்ச் 31 கடந்தது. ஏப்ரல் மூன்றாவது வாரம் மீண்டும் போன். இம்முறை வேறு குரல், பெண் குரல். பழைய பையன் வேலையை விட்டுப் போய்விட்டாராம். "உங்கள் கார் வந்துவிட்டது. ஆனால் இப்போது வரியோடு விலை. சில ஆயிரம் வெள்ளி கூடும். வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம். புக்கிங் பணம் திரும்பக் கிடைக்காது."

அப்பா கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றும் கோபப்படவில்லை. போனை வைத்துவிட்டு, சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தினத்தாள் கிழிக்கும் நாட்காட்டி இல்லை, மளிகைக் கடையில் கொடுக்கும் மாத நாட்காட்டி. ராகுகாலம், எமகண்டம் பக்கத்தில் பொடி எழுத்தில் அவர் குறித்திருந்தார்: "டிச. 5. போன் செய்தார். அடுத்த வாரம். பழைய வண்டி விற்கச் சொன்னார்." "ஜன. 9. பொங்கலுக்குள்." தபால்காரர் இல்லையா, தேதி போடாமல் எதையும் வைக்கமாட்டார். வாடகைக் காருக்குக் கொடுத்த கணக்கும் இருந்தது. நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட பயணங்கள், 1,380 வெள்ளி.

அன்றைக்குத்தான் நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், இந்தப் பகுதி உங்களுக்குப் பணமாகப் பயன்படும்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் 16ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? குறித்த காலத்துக்குள் பொருளைக் கொடுக்க முடியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் ஒரு வியாபாரி பணம் வாங்கக்கூடாது. ஏமாற்ற நினைத்தானா என்று நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. "டிசம்பரில் தருகிறேன்" என்று சொல்லிப் பணம் வாங்கும்போது அதற்கு ஆதாரம் கையில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் "குறித்த காலம்" காகிதத்தில் இருந்தால் நம் கை ஓங்கும். எங்கள் படிவத்திலோ "விநியோகத் தேதி உத்தேசமானது" என்றும், "பதிவு நாளில் உள்ள விலையே செல்லும்" என்றும் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டது அதற்குக் கீழே.

புக்கிங் பணம் திரும்பாது என்றார்களே, அதற்கும் பதில் இருந்தது. தவணைக் கொள்முதல் சட்டம் 1967இல் வந்தது. 2011இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, தவணையில் கார் வாங்குபவரிடம் முன்பதிவுக் கட்டணமாக ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. வாங்குபவர் மனம் மாறிப் பின்வாங்கினாலும் அதில் 90 விழுக்காட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் முத்திரை குத்திவிட்டால் சட்டம் மாறிவிடாது. இதைத் தெரியாமல் எத்தனை குடும்பங்கள் 300, 500 வெள்ளியை விட்டுவிட்டு வந்திருக்கும்!

ஷோரூமுக்குப் போனோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பையன் சொன்னதற்குக் கம்பெனி பொறுப்பாகாது" என்றார். அவர் மேசையில் உட்கார்ந்து, அவர் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவர் படிவத்தில் எழுதி வாங்கியவர் சொன்னது அவருக்குப் பொறுப்பில்லையாம். எனக்குப் பேச்சே வரவில்லை. மைக் இல்லாவிட்டால் நானும் சாதாரண ஆள்தான் என்று அன்று தெரிந்தது.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனார் அப்பா. 1999 முதல் இயங்கும் மன்றம் அது. உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் வருகிறது. கட்டணம் 5 வெள்ளி. ஒரு தட்டு நாசி கண்டார் விலைகூட இல்லை. முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். கணினியில் இணையம் வழியாகவும் செய்யலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. நமக்கும் முடியாது, கம்பெனிக்கும் முடியாது. நான் இதை நல்ல ஏற்பாடு என்பேன். ஆரம்பத்தில் 10,000 வெள்ளி வரைதான் கோரலாம். 2003இல் 25,000 ஆக்கினார்கள், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50,000 ஆக்கினார்கள். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போய்விட வேண்டும். புதுக்கார் விலையே 50,000ஐத் தாண்டும்போது முழுக் காரையும் கேட்டு அங்கே போக முடியாது, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய. ஆனால் புக்கிங் பணம், முன்பணம், நம் கைவிட்டுப் போன செலவு இவையெல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கும்.

விசாரணை நாளில் நடுவர் முதலில் கேட்டது, "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ள முடியுமா?" என்பதுதான். அப்பா நாட்காட்டியை மேசைமேல் வைத்தார். நடுவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா ஒவ்வொரு வரியையும் மலாயில் வாசித்துக் காட்டினார். டிசம்பர் 5 வந்தபோது, "அந்தத் தேதியில் உங்கள் கடையிலிருந்து இவருக்கு அழைப்பு போயிருக்கிறதா?" என்று நடுவர் மேலாளரைக் கேட்டார். அப்பாவின் கைப்பேசியில் அழைப்புப் பட்டியலின் படம் இருந்தது. அது என் தம்பி எடுத்து வைத்தது. அதற்கு மட்டும் எனக்குப் பங்கு இல்லை. மேலாளர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். 500 வெள்ளி முழுதும், அதன்மேல் 1,000 வெள்ளியும் தருவதாக ஒப்புக்கொண்டார். அப்பா கேட்டது 1,880. வாங்கியது 1,500. வரிவிலக்கு போனது போனதுதான், அதை யாரும் திருப்பித் தரவில்லை. ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கதையைச் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். கிள்ளானில் ஓர் அக்கா, ஜனவரியில் புதுக்கார் எடுத்தார். கிரானைப் பார்த்தால் தயாரித்த ஆண்டு போன வருடம். விற்கும்போதுதான் அந்த ஒரு வருடத்தின் விலை தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அண்ணன் முன்பணம் 3,000 வெள்ளியைக் கம்பெனிக் கணக்கில் போடாமல் விற்பனையாளரின் சொந்தக் கணக்கில் போட்டிருக்கிறார். "சீக்கிரம் நடக்கும் அண்ணே" என்றாராம். ஆள் போய்விட்டார், ரசீதும் இல்லை. அவருக்கு என்னால் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்ல முடியவில்லை. போலீஸ் புகார் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

விற்பனை வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளும் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பீர்கள். உங்கள்மீது கோபம் இல்லை. ஒரு வேண்டுகோள்தான். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பழைய வண்டியை விற்கச் சொல்லாதீர்கள், சேசிஸ் எண் கைக்கு வரும்வரை.

எங்கள் வீட்டில் அதன்பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஓராண்டு சித்தப்பாவின் பழைய காரை வைத்துச் சமாளித்தோம். 2024இல் அப்பா மறுபடியும் கிளம்பினார். வேறு கடை, வேறு பையன். அவரும் நம்மவர்தான், அவரும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டார். விலை பேசி முடிந்ததும் அப்பா, "ரகம், நிறம், தயாரிப்பு ஆண்டு, கொடுக்கும் தேதி, இத்தனையும் இந்தத் தாளில் எழுதிக் கொடுப்பா. தேதி தப்பினால் பணம் முழுதும் வாபஸ் என்று ஒரு வரி" என்றார். பையன் முகம் மாறியது. "மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன் அங்கிள்" என்று உள்ளே போனார். அம்மா என் கையைக் கிள்ளினார், இப்படியா கேட்பது என்று. பத்து நிமிடம் ஆனது. எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை குத்திக் கொண்டுவந்தார். கார் அந்தத் தேதிக்கு நான்கு நாள் தாமதமாக வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, நாட்காட்டியில் மட்டும் குறித்துவைத்தார்.

நேரம் முடிந்துவிட்டது என்று நானே மணி அடித்துக்கொள்கிறேன்.