எண்பதோடு நிறுத்தினால்

மருந்துக் கடையில் பில் போடும் லேப்டாப்புக்குக் காலையில் சொருகிய சார்ஜர், ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை அப்படியே கிடக்கும். சில வருடங்களில் விரல் தேய்க்கும் பலகை மேலே துருத்திக்கொண்டு நிற்கும். கழற்றிப் பார்த்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கும்.

லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் புழங்கிய நிக்கல் காட்மியம் பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டு முழுக்க ஏற்றச் சொல்வார்கள். பேட்டரி மாறிவிட்டது; அந்தப் பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, எதிர்முனையின் கிராஃபைட்டுக்குள் போய் உட்காருகின்றன. கடைசி இருபது சதவீதம், கூட்ட நேரத்துப் பேருந்தில் ஆள் ஏற்றுவதுபோலத்தான். முழுதாக ஏறியதும் செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டையோ அதற்கும் மேலோ தொடும். அந்த உச்சத்திலேயே மணிக்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் திரவம் சிறுகச் சிறுகச் சிதைந்து வாயு கிளம்புகிறது. உப்பல் வருவது இதனால்தான். கூடவே, சார்ஜைத் தாங்கும் சக்தியும் தேய்கிறது.

இதோடு வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு உண்டு. பேட்டரியை 40 சதவீத சார்ஜில், 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் சும்மா வைத்தால் கொள்ளளவில் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். முழு சார்ஜில் 80. அதே முழு சார்ஜ், 40 டிகிரியில் என்றால் 65தான். 40 டிகிரி, வேலூர்க்காரர்களுக்குச் சித்திரையில் சாதாரணம்!

நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. லெனோவாவின் திங்க்பேட் லேப்டாப்களில் சார்ஜ் எங்கே நிற்க வேண்டும் என்று குறிக்கும் வசதி வெகுகாலமாக உண்டு. ஆப்பிள், 80 சதவீத வரம்பை 2023இல் ஐபோன் 15இல்தான் தந்தது. சாம்சங் போன்களிலும் பேட்டரி பாதுகாப்பு என்ற பெயரில் இது இருக்கிறது. வாங்கியவர்களில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று 100 வரை ஏற்றினால் குற்றமில்லை. ஏற்றிய கையோடு செலவாகிவிடும். நாள் முழுக்கச் சொருகியே கிடக்கும் லேப்டாப்புக்குத்தான் வரம்பு அவசியம்.

மின்சாரக் கார்களில் கதை கொஞ்சம் வேறு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள கார்களை வாரத்துக்கு ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்கிறது டெஸ்லா. மீதி சார்ஜ் எவ்வளவு என்று கணிப்பது அந்த வகையில் கடினம்; முழுக்க ஏற்றினால்தான் கணக்கு நேராகும். 80 வரம்பு வைத்த ஐபோனும் இதே கணக்குக்காக எப்போதாவது ஒரு நாள் 100 வரை ஏறும். அதைக் கண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை.