எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு தாய் மருத்துவரிடம் வருகிறாள். நல்ல மருத்துவர் உடனே மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. "எப்போதிலிருந்து காய்கிறது? பகலில் காய்கிறதா, இரவில் காய்கிறதா? என்ன சாப்பிட்டது?" என்று கேட்கிறார். உடம்பின் சூடு நோயன்று, நோயின் அடையாளம் என்பது அவருக்குத் தெரியும். மோட்டார் வண்டியின் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாவதும் அத்தகைய ஓர் அடையாளமே. அதன் காரணத்தைக் கண்டறிவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

எஞ்சின் சூடாவதில் வியப்பில்லை. அது உருகாமல் இருப்பதே வியப்பு. உருளைக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எரிபொருள் தரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைச் சுமந்து சென்று வெளியே விடுவது எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் வேலை.

அந்த நீரோட்டம் நம் உடலின் குருதியோட்டத்தைப் போன்றது. பம்பு அதன் இதயம். ரேடியேட்டர் என்னும் மெல்லிய குழாய்களின் அடுக்கு, நீரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. காற்று போதாதபோது விசிறி துணைக்கு வருகிறது. தெர்மோஸ்டாட் என்பது ஒரு காவற்காரன்: நீர் 80 முதல் 90 டிகிரி வரை சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருந்து, அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்ததும் கதவைத் திறந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சிறு மூடி இருக்கிறது. பிரஷர் குக்கரின் மூடியைப் போல அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அதனால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரி அளவிலும் கொதிக்காமல் இருக்கிறது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 1888ஆம் ஆண்டு பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த வண்டியில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சென்றார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அந்தப் பயணத்தில், வழிநெடுக நின்று நின்று தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. காரணம், அந்த எஞ்சின் நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. 1900ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் 8,070 சிறு குழாய்களைக் கொண்ட தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்த பிறகு, மிகக் குறைந்த நீரே போதுமானதாயிற்று.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், நானும் என் தமையனாரும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறிக்கொண்டிருந்தோம். சமவெளியில் குறையின்றி ஓடிவந்த பழைய வண்டி, மலையில் பாதி வழி ஏறியதும் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. தமையனார் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மறுகணம் கொதிநீர் சீறியெழுந்து அவர் கையை முழங்கைவரை வேகவைத்துவிட்டது. புண் ஆறினாலும் தழும்பு இன்றும் மறையவில்லை.

வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். பம்பை மாற்றினார்கள், அடுத்த முறை மலையேறியபோது வண்டி கொதித்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள்; மீண்டும் கொதித்தது. பிறகுதான் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கண்டோம். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "சமவெளியில் கொதித்ததுண்டா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "தண்ணீர் எங்கேனும் ஒழுகுகிறதா?" இல்லை. "பச்சைத் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள்?" ஆம் என்றோம். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, மூடியைக் கழற்றி எங்களிடம் நீட்டினார். அதன் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. மூடி அமரும் கழுத்தைச் சுற்றி ஆவி காய்ந்த வெண்படலம் படிந்திருந்தது.

விளக்கம் எளியது. உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையேற்றத்தில் எஞ்சின் நீர் 100 டிகிரியை எட்டுவதோ இயல்பு. அழுத்தத்தைக் காக்க வேண்டிய மூடி பழுதுபட்டிருந்ததால், சமவெளியில் தப்பிய வண்டி மலையில் தப்பவில்லை. தமையனாரைச் சுட்ட அதே மூடிதான் குற்றவாளி. அது சிறிதளவே அழுத்தம் தாங்கிற்று; எனினும் கையை வேகவைக்க அச்சிறிதளவே போதுமாயிருந்தது. புதிய மூடியின் விலை சில நூறு ரூபாய்தான்.

ஆகவே, மாணவ நண்பர்களே, முதற்கேள்வி "எது பழுது?" என்பதன்று, "எப்போது சூடாகிறது?" என்பதே. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வண்டி ஓடத் தொடங்கியதும் தணிகிறதா? விசிறியையும் அதன் மின்னிணைப்பையும் ஐயுறுக. ஓடும்போது எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது சூடேறுகிறதா? அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. குறை நீரோட்டத்திலோ ரேடியேட்டரிலோ இருக்க வேண்டும். வெளியே சேறும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். உள்ளே ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரின் படிவு சேர்ந்திருக்கலாம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறுகிறதா? எஞ்சின் கொதிக்க, ரேடியேட்டருக்குச் செல்லும் குழாய் மட்டும் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் கதவு திறக்கவில்லை என்று கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, "நீர் குறைகிறதா?" என்பது. குறைந்தால் அது எங்கோ போகிறது. குழாய் இணைப்பில், பம்பின் அடியில், ரேடியேட்டரின் ஓரத்தில் ஈரத்தைத் தேடுக. வெளியே ஈரமே இல்லாவிட்டால் அச்சத்திற்கு இடமுண்டு. மிதமிஞ்சிய சூட்டில் எஞ்சினின் தலைப்பகுதி கோணிக்கொள்ள, அதன் அடியிலுள்ள காஸ்கெட் கிழிந்து, நீர் எஞ்சினுக்குள்ளேயே கசியலாம். எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருப்பதும், புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகை வருவதும், நீர்த்தொட்டியில் குமிழிகள் எழுவதும் அதன் அடையாளங்கள்.

ஓர் எச்சரிக்கை. வெப்பமானியை மட்டும் நம்பிவிடக் கூடாது. நீர் பெரிதும் வற்றிப்போனால், உணர்கருவி நீரில் தோயாமல் நின்று, முள் தாழ்ந்தே காட்டக்கூடும்.

வழியில் வண்டி கொதித்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "ஊர் அருகில்தானே, போய்விடலாம்" என்று ஓட்டும் அந்தச் சில கிலோமீட்டரில்தான் எஞ்சினின் தலைப்பகுதி கோணிப்போகிறது. அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருங்கள். நன்றாக ஆறுமுன் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும்.

கையில் கிடைத்ததை மாற்றிப் பார்ப்பது சோதனையன்று, சூதாட்டம். நடந்ததை உற்றுநோக்கி, காரணத்தை ஊகித்து, அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்ப்பதே விஞ்ஞானம். அந்த முதிய மெக்கானிக் கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். ஆயினும் மூன்று கேள்விகளில் அவர் எங்களுக்குக் கற்பித்தது அதைத்தான்.